வெயில் பெட்டிக்கு எதிராக ஒரு பொன்னிற முகம்

குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே தலைகாட்டாத வட நார்வேயில், ஸ்க்ராவ்நெஸ் நகராட்சி தன் குடிமக்களின் தோலைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவெடுத்தது. உள்ளே படுத்தால் விளக்கொளியில் உடம்பைப் பொன்னிறமாக்கும் வெயில் பெட்டிகளைப் பற்றி, ‘பொதுவான கேள்விகள்’ என்றொரு துண்டறிக்கை எழுதும் பொறுப்பு சுகாதார அலுவலர் ஐலெர்ட்டிடம் வந்தது.

ஐலெர்ட்டுக்குச் செம்பட்டை முடி, சுண்ணாம்பு நிறம். போன வருடம்தான் அவன் தோளிலிருந்த மச்சத்தை வெட்டியெடுத்த மருத்துவர், "இனி அந்தப் பெட்டிப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே" என்றிருந்தார். அந்தப் பயத்தோடு எழுதினான். புற்றுநோய் வருமா? வரலாம். வெயில் கொளுத்தும் கேனரித் தீவுக்கு விடுமுறை போகுமுன் பெட்டியில் படுத்துத் தோலைப் பழக்கிக்கொள்வது பாதுகாப்பா? இல்லவே இல்லை.

பிரிவுத் தலைவி குன்வோர் படித்துப் பார்த்தாள். "பதிலெல்லாம் பிரமாதம்ப்பா. அட்டையில இருக்கிற உன் மூஞ்சிதான் இடிக்குது."

"எழுதினவர் படம் போடணும்னு விதி இருக்கே!"

"இருக்கட்டும். பத்து நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி இருக்கியே. நம்ம பேச்சைக் கேட்டா இப்படித்தான் ஆயிடுவோம்னு ஜனங்க பயப்பட மாட்டாங்களா?"

நகராட்சியின் சுகாதாரக் குழு கூடியது. வாஃபிளும் காபியும் தீர்ந்தபின், ‘எச்சரிக்கையின் நம்பகத்தன்மையை மேம்படுத்தும் பொருட்டு’ அலுவலர் ஐந்து முறை வெயில் பெட்டியில் படுக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. எல்லோரும் கை தூக்கும்போது ஒருவர் மட்டும் சும்மா இருப்பது அந்த ஊரில் மரியாதையில்லை. ஐலெர்ட்டும் தூக்கினான்.

வெயில் பெட்டி நிலையம் நடத்தும் யோர்டிஸ் அவனை வாசலிலேயே மறித்தாள். "செம்பட்டை முடி, வெட்டின மச்சம். நீங்க போட்ட விதிதானே, இந்த மாதிரி ஆளுங்களைப் படுக்க விடக்கூடாதுன்னு?"

உயிர் பிழைத்த சந்தோஷத்தில் அவன் அலுவலகத்துக்கு ஓடினான்.

"விதிவிலக்கு வாங்கிக்கோ," என்றாள் குன்வோர். "விலக்கு கொடுக்கிற அதிகாரி யாரு?"

"நான்தான்."

"அப்புறமென்ன, விண்ணப்பம் போடு!"

போட்டான். இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து எழுதி, அந்தப் பக்கம் நாற்காலிக்கு மாறி வாங்கிக்கொண்டான். மூன்று நாள் தூக்கமில்லை. தோள் தழும்பைத் தடவிப் பார்த்தான். நான்காம் நாள், வாழ்க்கையில் முதல்முறையாகத் துணிந்து எழுதினான்: ‘போதிய காரணம் காட்டப்படவில்லை. நிராகரிக்கப்படுகிறது.’

குன்வோர் கோபிக்கவில்லை. விதிப்படி எழுதியவர் பெயரைத் தன் பெயராக்கி, தன் படத்தையே அட்டையில் போட்டாள். கேனரியிலிருந்து திரும்பியிருந்தவள், தேனில் ஊறியதுபோல் மின்னினாள்.

துண்டறிக்கை ஒரே வாரத்தில் தீர்ந்தது. ஐலெர்ட்டின் மேசைக்கு முன்னால் ஊரே வரிசையில் நின்றது. ஆசிரியர்கள், மீனவர்கள், மச்சம் வெட்டிய அந்த மருத்துவர் உட்பட எல்லோருக்கும் ஒரே சந்தேகம்.

"அட்டையில இருக்காங்களே, அவங்க எந்தப் பெட்டியில, எத்தனை நிமிஷம் படுத்தாங்க?"

இரண்டாம் பதிப்பில் அது முதல் கேள்வியாகச் சேர்க்கப்பட்டது.