இடது மேல் மூலை

"மாமா, உங்க பேனர் தொங்குது."

மச்சினன் போனில் சொன்னபோது பேனர்க்காரர் கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார். மீதியைத் தூக்க மனம் வரவில்லை.

"எந்தப் பக்கம்?"

"மேல, இடது மூலை. ரோட்டுல போறவங்க நின்னு பாக்கறாங்க. உள்ளே ஒருத்தரும் வரலை."

மச்சினன் ஒரு மெத்தைக் கடையில் மேனேஜர். கடை வாசலுக்கு மேலே, மாடிச் சுவரை மறைத்துக் கட்டியிருந்த பேனர் 'நிம்மதியாகத் தூங்குங்கள்' என்று ஊரைக் கூப்பிட்டது. மூலை மடிந்து விழுந்ததில் முதல் வார்த்தை மறைந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் 'தூங்குங்கள்' என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது. இந்த ஒன்று ஒழுங்காக நின்றால் எல்லாக் கிளைகளுக்கும் இவரிடமே பேனர் என்று முதலாளி சொல்லியிருந்தார். நிற்காவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லத் தேவையில்லை.

கடையில் டிசைன் போடும் கம்ப்யூட்டரில் உட்காருவது மனைவி. அதனால் பேனர்க்காரருக்கு வீட்டுத் திட்டு, கடைத் திட்டு என்று தனித்தனியாக எதுவும் கிடையாது.

"கயிறு கோக்கற வளையம், ஐலெட், என்ன போட்டீங்க?"

"வழக்கமாப் போடறதுதான்."

"தகரமா?"

பேனர்க்காரர் ஐலெட் டப்பாவைத் திறந்தார். தகரம்தான். மினுமினுவென்று இருந்ததால் அவருக்கே அது தகரம் என்பது மறந்திருந்தது.

"என் தம்பி மானத்தைத் தகரத்துல தொங்க விட்டிருக்கீங்க," என்றாள் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. உடனே பேனரை இறக்கிக் கொண்டுவரச் சொல்லி, அந்த மூலையில் பித்தளை ஐலெட் அடித்து அனுப்பினார். ஏணியில் ஏறிக் கட்டுவது ஃபிட்டர் வேலை. பேனர்க்காரருக்கு ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும்.

மறுநாள் காலை மறுபடி போன்.

"மாமா, ஐலெட்டைக் காணோம். அது இருந்த இடத்துல துணி கிழிஞ்சிருக்கு."

"மத்த மூலையெல்லாம்?"

"கல்லு மாதிரி நிக்குது."

"அப்ப காத்து அந்தப் பக்கத்துலேர்ந்துதான் வருது," என்று மனைவியிடம் விளக்கினார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவர் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

கிழிந்த ஓரத்தை வெட்டி, புதிதாக மடித்து ஒட்டி, வாஷர் வைத்த பெரிய ஸ்டீல் ஐலெட்டாக ஒன்றை இறுக்கினார். வெட்டியதில் பேனர் குட்டையாகிவிட்டது. கட்டும் இரும்புச் சட்டத்துக்கு எட்டாமல், ஃபிட்டர் கயிற்றை நீட்டி இழுத்துக் கட்டினார்.

அடுத்த காலை மச்சினன் மாமா என்றுகூடச் சொல்லவில்லை.

"கை நுழையற அளவுக்கு ஓட்டை. முதலாளி நாளைக்கு வர்றார். வேற ஆளைப் பாத்துக்கவான்னு கேக்கறார்."

தகரம் போய், பித்தளை போய், ஸ்டீலும் போயிற்று. இனி தப்பு கட்டுகிறவன் மேல்தான் என்று பேனர்க்காரர் முடிவுக்கு வந்தார்.

"உன் முடிச்சுல ஏதோ கோளாறு," என்றார் ஃபிட்டரிடம்.

"என் முடிச்சு அப்படியேதான் இருக்கு. முடிச்சுக்குள்ள உங்க ஐலெட்தான் இல்லை."

"அப்ப ஐலெட் தானா எந்திரிச்சுப் போச்சா?"

"இனிமே நீங்களே ஏறிக் கட்டுங்க," என்று ஃபிட்டர் ஏணியைக் கடை வாசலிலேயே சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அன்று பேனர்க்காரர் தன் வித்தை முழுவதையும் அந்த மூலையில் இறக்கினார். உள்பக்கம் ஒட்டுத் துணி, அதன் மேல் இரட்டை மடிப்பு, அதில் வரிசையாக மூன்று ஸ்டீல் ஐலெட். மனைவி இழுத்துப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வாங்கிய பெரிய பாராட்டு அதுதான்.

மச்சினன் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள, பேனர்க்காரர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஏறினார். உச்சிப்படியில் நின்று, உயிரைக் கையில் பிடித்தபடி மூலையை இழுத்துக் கட்டப் போனபோது, பேனருக்குப் பின்னால் மாடி வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். மூன்று ஐலெட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து முகம் வாடினார்.

"ஏங்க, முதல்ல ஒண்ணு போட்டிருந்தீங்களே, அது தீந்துபோச்சா?"

இத்தனை நாளில் ஐலெட்டைப் பற்றி மரியாதையாகக் கேட்ட முதல் ஆள். பேனர்க்காரருக்கு ஏணி மேல் இருப்பதே மறந்துவிட்டது.

"அது வெறும் தகரம்மா. இதுதான் ஒசத்தி."

"தகரமோ தங்கமோ, அதுதாங்க நல்ல சரக்கு, கரண்டிக் காம்பால நெம்பினாலே கழண்டு வந்து வீட்டுக்குக் காத்து வரும், நேத்து போட்டதுக்கு எதிர்வீட்டுல கொறடு கடன் வாங்க வேண்டியதாப் போச்சு."