நூல் பிடித்து நேராக்கிய வண்டி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும், உங்கள் அத்தையும், உங்கள் பிக்கப் வண்டியும் நலம். மூவரில் வண்டி மட்டும் கொஞ்சம் இடது பக்கமாக நலம். அங்கே தாங்களும், என் மகளும், பேத்தியும் சளி இருமல் இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் தாங்கள் நடுவில் பேசிவிடுவீர்கள் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

தாங்கள் சொன்னபடியே மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்து, குழிக்குக் குழி அடிவாங்கிய முன்பக்கத்தை நம் போர்ட்டிகோவில் வைத்தே இரண்டு அங்குலம் உயர்த்தியாகிவிட்டது. வண்டி இப்போது புது மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. மெக்கானிக் கிளம்பும்போது, "மேஸ்திரி, உயரத்தைக் கூட்டினதுல சக்கரத்தோட சாய்வு மாறியிருக்கும். அலைன்மெண்ட் பார்க்காம ஓட்டினா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரும் ஓரத்துல தேஞ்சுபோகும்" என்றார். தாங்களும் போனில் அதையேதான் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை. மறுநாளே டயர் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சக்கரத்துக்குச் சக்கரம் எதையோ மாட்டிக் கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். திரை முழுக்கச் சிவப்பு எண்கள். "என்னப்பா இது?"ன்னு கேட்டேன். "முன்சக்கரம் ரெண்டும் செங்குத்தா நிக்கலீங்க, நேராவும் பார்க்கலீங்க"ன்னார் கடைக்காரர். அட, இவ்வளவுதானா! செங்குத்தும் நேரும்தானே மாப்பிள்ளை என் பொழைப்பே? நான் கட்டின சுவர் ஒண்ணாவது சாஞ்சு பார்த்திருக்கீங்களா? "நீங்க விடுங்க, நானே பார்த்துக்கறேன்"னு வண்டியை எடுத்தேன். அந்த மனுஷன் அதோட விட்டாரா? "வீட்லயா பார்க்கப் போறீங்க? தரை மட்டமா இருக்குமா?"ன்னு ஒரு கேள்வி. அந்தப் போர்ட்டிகோ தரையை நான் என் கையால போட்டேன். என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி! எனக்கு வந்த கோபத்துல ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிச்சு வந்துட்டேன்.

மெக்கானிக்கை மறுபடி இழுத்துட்டு வந்தேன். பின்சக்கரத்துலேர்ந்து முன்சக்கரம் வரைக்கும் நூல் கட்டினேன். சக்கரத்துக்குப் பக்கத்துல, சுவருக்குச் செங்குத்து பார்க்கிற தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். நான் சொல்லச் சொல்ல அவர் முணுமுணுத்துக்கிட்டே போல்ட்டைத் திருகினார். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன், ஒரு மயிரிழை பிசகு இல்ல. ஒரே கஷ்டம், வண்டிக்கு அடியில படுத்திருந்தப்போ என் முதுகு தொப்பலா நனைஞ்சுபோச்சு. உங்க அத்தைக்கு எத்தனை தடவை சொன்னாலும் தெரியாது. போர்ட்டிகோவைக் கழுவினா வலது பக்கம் அடுப்படிக் கதவுகிட்ட குளம் மாதிரி தண்ணியைத் தேக்கி வெச்சுடுவா. "ஒழுங்கா தள்ளி விடத் தெரியாதா?"ன்னு நானும் இந்த வீடு கட்டின நாள்லேர்ந்து கத்திக்கிட்டுதான் இருக்கேன்.

அப்புறம் உங்க அத்தையைப் பக்கத்துல உட்கார வெச்சு கடைத்தெருவுக்குப் போனேன். ஸ்டியரிங்கை லேசா விட்டேன், அவ்வளவுதான், வண்டி இடது பக்கமா நழுவிப் போய்த் தையல்காரர் கடை போர்டைச் சாய்ச்சுடுச்சு. நான் உடனே காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டேன். "உன் வெயிட்டுதான் இழுக்குது, எந்திரிச்சுப் பின்சீட்டுல எனக்கு நேர் பின்னால உட்காரு"ன்னேன். பாவம், பையோட பின்னாடி போனா. வண்டி மறுபடியும் இடது பக்கம்தான் போச்சு, பல் டாக்டர் வீட்டுப் பூந்தொட்டி காலி. "இப்ப யாரு வெயிட்டு?"ன்னு கேட்டா. "ரோடு சரியில்ல"ன்னேன். ரோடு சரியில்லதான் மாப்பிள்ளை, எவன் போட்டானோ!

சனிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கிட்டு, மகளையும் பேத்தியையும் ஏத்திக்கிட்டு மலைப்பாதையில போகப் போறீங்க. ஒரே ஒரு விண்ணப்பம். போற வழியில அந்த டயர் கடைக்கு மட்டும் போயிடாதீங்க. போனா, மேஸ்திரி பார்த்த வேலையைக் கம்ப்யூட்டர் திருத்துச்சுன்னு ஊரே பேசும், என் மானம் கப்பலேறிடும். ஸ்டியரிங்கை எப்பவும் வலது பக்கமா லேசா பிடிச்சுக்கிட்டா வண்டி நேராத்தான் போகுது. பேத்தியைக் கையைப் பிடிச்சு நடத்தறோமில்ல, அதே மாதிரிதான்.

தாங்கள் எடுத்த காரியமெல்லாம் நூல் பிடித்தாற்போல் நேராக நடந்து, குடும்பம் அசையாத அஸ்திவாரம் போல் நிலைக்க ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மேலே எழுதினதுல நலம் விசாரிச்சதை மட்டும் வெச்சுக்குங்க, மத்ததை விட்டுடுங்க. வண்டியைத் தெருவுல நிறுத்திட்டு, போர்ட்டிகோவுல உட்கார்ந்து இந்தக் கடித உறையை ஒட்டப் போனேன். கடையிலேர்ந்து வந்த உங்க அத்தை பையை போர்ட்டிகோவுல வெச்சா. ஒரு எலுமிச்சம்பழம் வெளியே விழுந்து, சாவகாசமா உருண்டு, நேரா அடுப்படிக் கதவுகிட்ட, அந்தத் தண்ணி தேங்கற இடத்துல போய் நின்னுச்சு. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தா. ரசமட்டத்தை எடுத்து வந்து தரையில வெச்சேன். குமிழ் நடுவுக்கு வரவே மாட்டேங்குது. என் தூக்குக்குண்டு பொய் சொல்லல மாப்பிள்ளை, தரைதான் வலது பக்கம் சாஞ்சிருக்கு. சாஞ்ச தரையில நிறுத்திச் சக்கரத்தைச் செங்குத்தாக்கினா, நல்ல ரோட்டுல அது இடது பக்கம் சாஞ்சுதானே நிக்கும், அந்தப் பக்கம்தானே இழுக்கும்? மானம் கிடக்கட்டும், அந்த வண்டியில போறது என் பேத்தி. நாளைக்குக் காலையில நானே டயர் கடைக்கு எடுத்துட்டுப் போறேன். நீங்க வரும்போது எல்லா எண்ணும் பச்சையா இருக்கும்.

உங்க அத்தை உள்ளே போய்த் தரை துடைக்கிற துணியைக் கொண்டுவந்து என் மடியில போட்டா. அப்புறம் எலுமிச்சம்பழத்தைக் கையில எடுத்துப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: "ஏங்க, இதுவும் என் வெயிட்டாலதான் உருண்டுச்சா?"