சிலிம் ரிவரில் ஆறிப்போன தேநீர்

மலேசியாவில் தமிழ் நடிகையாக இருப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆட்கள் குறைவு என்பதால் எல்லா வேடமும் நமக்கே வந்து சேரும். ஈப்போவில் எங்கள் நாடகக் குழுவில் நான் கிழவியாக இருந்திருக்கிறேன், போலீஸ்காரியாக இருந்திருக்கிறேன், கதாநாயகன் காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு நாள் மீசை ஒட்டிக்கொண்டு கதாநாயகனாகவும் இருந்திருக்கிறேன் (அன்றைக்குத்தான் கைதட்டல் அதிகம், அதைப் பற்றி அவர் இன்றுவரை பேசுவதில்லை). தொலைக்காட்சிக்குப் போன பிறகு என்னைவிட மூத்த ஒருவருக்கு அம்மாவாக நடித்தேன். மேடைகளில் என்னைப் ‘பன்முக நடிகை’ என்று அறிமுகப்படுத்துவார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது.

அந்தப் பல முகங்களில் ஒன்று என் தம்பியின் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது. ‘கிட்டத்தட்ட’ என்பதைத் தம்பி ஒப்புக்கொள்வதில்லை. நான் நிறுத்தியேவிட்டேன், அவன் பெண்டாட்டிதான் மறுபடி ஸ்டார்ட் பண்ணினாள் என்பது அவன் கட்சி.

தம்பி பெயர் குமரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவனைப் படிக்க வைத்து ஆளாக்கியது நான்தான். பகலில் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை, மாலையில் ஒத்திகை, இடையில் அவனுக்குச் சமையல். அவன் வளர்ந்து தஞ்சோங் மாலிம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே அலுவலகத்தில் வேலை பார்த்த தேவகியைப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் தேவகி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள்: “எங்க வீட்டுல வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா வேணாம்தான். ஓடியெல்லாம் வர மாட்டேன்.” ஆகவே சிலிம் ரிவரில் இருக்கும் அவள் வீட்டுக்கு முறைப்படி பெண் பார்க்கப் போக வேண்டியதாயிற்று.

போவது யார்? மாப்பிள்ளை, பெரியப்பா, பிறகு அம்மா ஸ்தானத்தில் நான்.

அப்போது சாயங்காலத் தொடர் ஒன்றில் ராஜமல்லிகா என்ற பாத்திரத்தில் நான் வந்துகொண்டிருந்தேன். தம்பி பெண்டாட்டியின் வாழ்க்கையைக் குலைப்பதுதான் ராஜமல்லிகாவின் முழுநேர வேலை. தொடர் முழுக்க அவள் செய்த ஒரே நல்ல காரியம் கோயிலுக்குப் போனது. அங்கேயும் ஒரு தாலியைத் திருடத்தான் போனாள்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, தொடரைப் பல மாதம் முன்பே எடுத்து முடித்துவிடுவார்கள், அதுவும் வரிசையாக இல்லை. காலையில் மாமியார் சாவுக்கு அழுதுவிட்டு, மத்தியானம் அதே மாமியாரோடு சண்டை போட்டிருக்கிறேன். எந்தக் காட்சி என்றைக்கு வருகிறது என்று நடித்தவர்களுக்கே தெரியாது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு. அந்த வாரம் எனக்கு மாலை முழுக்க நாடக ஒத்திகை. இரண்டாவது, சேலை எங்களுடையது. தயாரிப்பாளர் கேமரா தருவார், சாப்பாடு தருவார், துணிமணி மட்டும் நாமே கொண்டுபோக வேண்டும். அதனால் என் அலமாரியில் இருக்கும் சேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றப் பின்னணி உண்டு.

கிளம்பும் நாள் காலையில் குமரன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அங்க வந்து நடிக்காத லா. ப்ளீஸ்.”

“நான் ஏன்டா நடிக்கப் போறேன்?”

“நீ பசார்ல மீன் வாங்குறப்பவே நடிக்கிற.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, நடிக்காத ஒரு பெண் எப்படி இருப்பாள் என்று யோசித்து, அப்படியே நடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். (சிரிக்காதீர்கள். அன்றைக்கு அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.) பழைய நாடகம் ஒன்றில் தியாகமே உருவான மூத்த அக்காவாக நடித்து ஈப்போவையே அழ வைத்திருந்தேன். அந்த அக்காவை வெளியே எடுத்தேன். சாம்பல் நிறக் கைத்தறிச் சேலை, இறுக்கிப் போட்ட கொண்டை, மையில்லாத கண், நெற்றியில் சின்னதாகத் திருநீறு. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

தேவகி வீடு, எஸ்டேட்டை விட்டு வந்தவர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. தேவகியின் அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை ஆகிய மூவரும் வாசலில் நின்றிருந்தார்கள். காரிலிருந்து நான் இறங்கியதும் அத்தை மட்டும் ஒரு அடி பின்னால் போனார். காலில் ஏதோ குத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பழத்தட்டை வைத்தோம், உட்கார்ந்தோம். பெரியப்பா மழையைப் பற்றிப் பேசினார், செம்பனை எண்ணெய் விலையைப் பற்றிப் பேசினார். மூன்று பேரும் என் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் அப்படியொரு அமைதி. மேடையில் இந்த அமைதிக்காக நான் வருஷக்கணக்கில் தவம் கிடந்திருக்கிறேன். சபை நம் கைக்குள் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆகவே இன்னும் கொஞ்சம் குரலைத் தழைத்தேன், இன்னும் கொஞ்சம் தலையைச் சாய்த்தேன்.

தேவகி தட்டில் தேநீர்க் கோப்பைகளோடு வந்தாள். பெண் பார்க்கப் போனவர்கள் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது. நான் எழுந்தேன்.

“நீ ஏம்மா கஷ்டப்படுற? குடு, அக்கா பாத்துக்குறேன்” என்று தட்டை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன். ஒரு கோப்பையை எடுத்துச் சீனி போட்டு, என் கையாலேயே மெதுவாகக் கலக்கி அவளிடம் நீட்டினேன். கண்ணில் தண்ணீர் தானாக வந்தது. (வரவழைத்தேன்.) தழுதழுத்த குரலில் சொன்னேன்: “நீ எனக்குத் தம்பி பொண்டாட்டி இல்லம்மா. நான் பெறாத மக.”

அத்தை வாயைத் திறந்தார்.

“நேத்தும் இதத்தான் சொன்னீங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியப்பாதான் என் காதருகே குனிந்து விளக்கினார். முந்தின நாள் தொடரில், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ராஜமல்லிகா திருந்திவிட்டதாகச் சொல்லித் திரும்பி வருகிறாள். சாம்பல் நிறச் சேலை, கொண்டை, திருநீறு. தம்பி பெண்டாட்டியிடம் கண்ணீரோடு “நீ நான் பெறாத மக” என்கிறாள். பிறகு அடுப்படிக்குப் போய்த் தேநீரில் ஒரு பொட்டலத்தைக் கொட்டி, மெதுவாகக் கலக்கிக் கொண்டுவந்து நீட்டுகிறாள். அந்தப் பெண் கோப்பையை உதட்டில் வைக்கும் இடத்தில் ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள். சிலிம் ரிவர் முழுக்க அவள் பிழைப்பாளா மாட்டாளா என்று காத்துக்கொண்டிருந்தது. என் சொந்த வசனம் என்று நினைத்து நான் உருகிச் சொன்னதை ஏற்கனவே யாரோ எழுதி, நானே பேசி, நாடே பார்த்திருக்கிறது.

தேவகி நான் நீட்டிய கோப்பையை வாங்காமல், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதை மேசையில் வைத்தேன். மற்றவர்கள் தங்கள் கோப்பைகளைத் தொடவே இல்லை. பெரியப்பா ஒன்றைக் கையில் எடுத்தார், என்னைப் பார்த்தார், கீழே வைத்தார்.

“எனக்கு இனிப்புநீரு இருக்கும்மா” என்றார். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது அன்றுவரை பெரியம்மாவுக்கே தெரியாது.

தேவகியின் அப்பா தொண்டையைச் செருமினார். “நாங்க கொஞ்சம் யோசிச்சுச் சொல்றோம்ங்க. ஃபோன் பண்றோம்” என்றார். அப்படிச் சொன்னவர்கள் யாரும் ஃபோன் பண்ணுவதில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். குமரன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சின்ன வயதில் கூட அவன் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் வளர்த்து, அவன் என்னிடம் கேட்ட ஒரே விஷயத்தையும் கெடுத்துவிட்டேனே என்று அவசரமாக அத்தை பக்கம் திரும்பினேன்.

“அத்தை, அது வெறும் நடிப்பு” என்றேன்.

“தெரியும்மா. நான் என்னா முட்டாளா? நடிப்புன்னு நல்லாத் தெரியும்” என்றார் அத்தை. “ஆனா அங்க அவ்வளோ நல்லா நடிக்கிற ஆளு, இங்க என்னா செய்றாங்கன்னு நாங்க எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? நீங்களே சொல்லுங்க.”

என் நடிப்புக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே ஆகச் சிறந்தது அதுதான். உண்மையைச் சொன்னால் வசனமாகிறது, பேசாமல் இருந்தால் திட்டம் போடுகிறேன் என்றாகிறது. கடைசியில் அழுகை வந்துவிட்டது, இந்த முறை தானாகவே. மூக்கு ஒழுக, கொண்டை அவிழ, மேடையில் ஒருபோதும் அழாத அசிங்கமான அழுகை.

அத்தை உன்னிப்பாகப் பார்த்தார். “இதுவும் நல்லா இருக்கு” என்றார்.

அப்போதுதான் தேவகி உள்ளேயிருந்து வந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக மேசைக்குப் போனாள். நான் கலக்கி வைத்த கோப்பையை எடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு பெரியப்பா கீழே வைத்ததையும் எடுத்துக் குடித்தாள்.

கூடமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை அவள் முகத்தை மட்டுமல்ல, உதடு நீலமாகிறதா என்றும் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. தேவகி வாயைத் துடைத்துக்கொண்டு, “ஏன் எல்லாரும் இப்பிடிப் பாக்குறீங்க?” என்றாள். முதலில் அவள் அம்மா சிரித்தார். பிறகு அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அத்தையே உள்ளே போய், புதிதாகத் தேநீர் போட்டு எடுத்து வந்து ஊற்றினார். அடுப்படிப் பக்கம் என்னை விடவில்லை, ஆனால் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தேவகியை நான் கொண்டாடாத இடமில்லை. ஊரே சந்தேகப்பட்டபோது ஒரு பெண் என் கையால் கலக்கியதை எடுத்துக் குடித்து, இந்த அக்காவை நான் நம்புகிறேன் என்று சொல்லாமல் சொன்னாள் என்று வானொலிப் பேட்டியில் பேசியிருக்கிறேன். பாராட்டு விழாவில் பேசியிருக்கிறேன். அந்த இடம் வரும்போது என் குரல் உடையும். (உடைப்பேன்.)

போன தீபாவளிக்கு எல்லோரும் ஈப்போவில் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது, வந்த விருந்தாளிகளிடம் இதை மறுபடி ஆரம்பித்தேன். முறுக்கைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த தேவகி, முடிந்ததும் சாதாரணமாகச் சொன்னாள்.

“அண்ணி, அந்த சீரியல நான் பாத்ததே இல்ல. எனக்குக் கொரியாக்காரன் படம்தான். அன்னைக்குக் காலைலேந்து தலை பின்றேன், சேலை கட்டுறேன்னு ஒரு வாய் தண்ணி கூட யாரும் குடுக்கல. அம்மா கண்ணக் காட்டுனதால உள்ள போனேன், ஆனா தாகம் தாங்கல. தேத்தண்ணி வேற ஆறிக்கிட்டு இருந்துச்சு. ஏன் யாரும் குடிக்கலன்னு எனக்கு அப்பப் புரியவே இல்ல.”

ஆக, அந்த வீட்டில் என் நடிப்பைப் பார்த்திராத ஒரே ஆள் அவள். அதனால் மட்டும்தான் அந்தக் கல்யாணம் நடந்தது.

இன்றுவரை எங்கள் வீட்டில் நான் எதை ஊற்றிக் கொடுத்தாலும், அது வெறும் பச்சைத் தண்ணீராக இருந்தாலும், “தேவகி மொத குடிக்கட்டும்” என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், எனக்குப் பழகிவிட்டது. ஆனால் தேவகி இன்னும் என் நடிப்பைப் பார்க்கவில்லை என்ற குறை மனசுக்குள் இருந்துகொண்டே இருந்தது. அதனால் போன மாதம் ஈப்போவில் என் புது நாடகம் மேடையேறியபோது, முன்வரிசையில் அவளுக்கு ஓர் இடம் பிடித்து வைத்துவிட்டுக் குமரனுக்கு ஃபோன் செய்தேன். என் வாழ்க்கையிலேயே நல்ல வேடம், இந்த ஒரு தடவையாவது அவளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டு என்று கெஞ்சினேன்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“வேணாக்கா” என்றான். “எல்லாம் நல்லாப் போய்க்கிட்டு இருக்கு லா.”