மொட்டைமாடிக்கு ஒரு சிவப்பு அட்டை

"ஒரு முட்டையை வேக வைக்கத் தெரியாத ஆளு, பெனால்டி குடுக்க வந்துட்டாரு!"

கோட்டுக்கு வெளியே நின்று கோச் லஸ்ஸாத் கத்தினான். வேடிக்கை பார்க்க வந்த பெற்றோர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுவர் ஷெத்லிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் வற்றி முட்டை வெடித்தது இன்று காலையில்தான். அது அவருக்குத் தெரியும், அவர் மனைவி ரஃபீக்காவுக்குத் தெரியும். இவனுக்கு எப்படித் தெரியும்?

அவர் கண் தானாக மேலே போனது. மைதானத்துச் சுவரை ஒட்டித்தான் அவர் வீடு. மொட்டைமாடியில் ரஃபீக்கா வருஷத்துக்கான குஸ்குஸை, அந்தக் கோதுமைக் குருணையை, வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள். முக்காட்டுக்குள் செருகிய போனில் ஓயாத பேச்சு. கேட்டால், "அக்காகிட்டப் பேசறேன்" என்பாள்.

லஸ்ஸாத்தின் காதிலும் ஒரு ஒயர் தொங்கியது. ஷெத்லிக்கு வயிறு எரிந்தது.

அவனுக்கென்ன, தலை நிறைய முடி. பன்னிரண்டு வயதுப் பையன்களின் ஆட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையும் அத்தரும். போன வருஷம் கடைசியில் கிடந்த அவன் அணி இந்த வருஷம் தோற்கவே இல்லை. "அந்தப் பசங்க என்ன அழகா ஆடறாங்க!" என்று ரஃபீக்காவே சாப்பிடும்போது சொல்லியிருக்கிறாள். ஷெத்லி விசில் ஊதும் அழகைப் பற்றிக் கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஷெத்லி நேரே போய் மஞ்சள் அட்டையை நீட்டினார்.

"தப்புதான், ஸீ ஷெத்லி" என்று லஸ்ஸாத் பணிவாகச் சிரித்தான். ஆண்களுக்கு 'ஸீ', பெண்களுக்கு 'லல்லா' என்று மரியாதையில் அவன் குறை வைப்பதில்லை. அந்தச் சிரிப்புக்கே இன்னொரு அட்டை கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

லைன்ஸ்மேன் ஹம்மாதி பக்கத்தில் வந்து முணுமுணுத்தார். "ஸீ ஷெத்லி, பந்து கீழதான் இருக்கு. மாடியையே பாத்துக்கிட்டிருக்கீங்க."

ஆட்டம் தொடர்ந்தது. ஒரு ஆஃப்சைடுக்கு விசில் ஊதியதுதான் தாமதம்.

"மிளகாய் வாங்கிட்டு வான்னா தக்காளியோட வர்ற ஆளு! இவருக்கு ஆஃப்சைடு தெரியுமாம்!"

தக்காளி நேற்று நடந்த கதை. ஷெத்லியின் கை சட்டைப்பைக்குள் போய் வந்தது. சிவப்பு அட்டை! "கயித்துக்கு அந்தப் பக்கம் போ!"

லஸ்ஸாத் பார்வையாளர்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றைத் தாண்டிப் போய் வெயிலுக்கு ஒதுங்கிச் சுவரோரமாக நின்றான். ஷெத்லி வீட்டுச் சுவர். அடுத்த நிமிஷம் மாடியிலிருந்து ஒரு ஓலைக்கூடை கயிற்றில் இறங்கியது. சூடான ரொட்டி, ஹரிஸ்ஸா மிளகாய் விழுது, ஆலிவ், சூரை மீன். காலையில் முட்டை போன பிறகு ஷெத்லி சாப்பிட்டது முந்தாநாள் ரொட்டி.

அவர் பாதி ஆட்டத்தில் சுவரை நோக்கி ஓடினார். "மைதானத்தை விட்டே வெளிய போ! இங்க எங்கயும் உன் நிழல்கூட விழக்கூடாது!"

"நீங்க சொன்னா சரி" என்று லஸ்ஸாத் ரொட்டியை மென்றபடி வெளியேறினான்.

ஷெத்லி நிம்மதியாக மூச்சு விட்டு நிமிர்ந்தபோது, அவருடைய மொட்டைமாடியில், அவருடைய நாற்காலியில், கையில் புதினாத் தேநீரோடு லஸ்ஸாத் உட்கார்ந்திருந்தான். ரஃபீக்கா அவன் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான்.

ஆட்டம் நின்றது. பையன்கள் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இறங்குடா கீழ!"

"இது மைதானம் இல்லையே, ஸீ ஷெத்லி. உங்க அதிகாரம் சுவரோட முடிஞ்சுது. லல்லா ரஃபீக்கா கூப்பிட்டாங்க, வந்தேன்."

"வந்த விருந்தாளிய வெரட்டாதீங்க, ஊரே பாக்குது!" என்று ரஃபீக்கா குரல் கொடுத்தாள்.

ஊர் பார்த்தது உண்மை. பக்கத்து மாடிகளிலும் துணி உலர்த்துவதை விட்டுவிட்டு அத்தனை பேரும் பார்த்தார்கள். ஷெத்லி விசிலோடு தெருவில் ஓடி, தன் வீட்டு மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். "நடுவர் இல்லாம ஆட்டம் என்னாகறது?" என்று ஹம்மாதி கொடியோடு பின்னாலேயே ஓடினார்.

மாடியில் காலை வைத்த வேகத்தில் ஷெத்லி குஸ்குஸுக்குள் கணுக்கால் வரை புதைந்தார்.

"ஐயோ, ஒரு வருஷச் சாப்பாடு!" என்று ரஃபீக்கா அலறினாள்.

"சாப்பாடு கெடக்கட்டும்!" அவர் லஸ்ஸாத்தின் மூக்குக்கு நேரே மறுபடியும் சிவப்பு அட்டையை நீட்டினார். "நம்ம வீட்டுச் சங்கதியெல்லாம் இவன் வாயில வருது. கூடையில ரொட்டி இறங்குது. என் நாற்காலியில இவன் உக்காந்திருக்கான். எனக்குத் தாங்கல, ரஃபீக்கா. உண்மையச் சொல்லு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன நடக்குது?"

ரஃபீக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்தாள். லஸ்ஸாத் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தான். ஷெத்லிக்கு உலகம் இருண்டது.

அப்போது கீழே புல்லிலிருந்து அணித் தலைவன் அனீஸ் வாயைக் குவித்துக்கொண்டு கத்தினான்:

"லல்லா ரஃபீக்கா! இனிமே எங்களுக்கு நீங்களே நேரா சொல்லிடுங்க! எப்படி ஆடணும்னு நீங்க போன்ல சொல்றதுல பாதிய இந்த லஸ்ஸாத் முழுங்கிடறாரு, ரெஃப்ரியத் திட்டச் சொல்றத மட்டும்தான் ஒரு வார்த்தை விடாம சொல்றாரு!"