மடிக்கு ஒப்பந்தப்புள்ளி

“தை பிறக்கட்டும். என் மடியில என் பொண்ணு சப்பணம் போட்டு உக்காருவா. இடம் மீந்தா மாப்பிள்ளையும் பக்கத்துல உக்காந்துக்கலாம்.”

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், செகந்திராபாத் மேற்கு மாரெட்பள்ளியில் தம் வீட்டுக் கூடத்தில், நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த முப்பத்தைந்து பேர் முன்னிலையில் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டவர் திருவாளர் பக்தவத்சலம். வெளியிடும்போது அவருடைய எடை தொண்ணூற்றொரு கிலோ. கையில் இருந்தது பாதுஷா.

உலகத்தில் சாப்பிடுகிறவர்கள் உண்டு, சாப்பாட்டைக் குறைக்கிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் இருப்பதை விஞ்ஞானம் இன்னும் கவனிக்கவில்லை. அந்த இனத்தின் பெயர் ஒப்பிட்டுப் பார்ப்பவர். நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். காய்கறிக் கடையில் வலது கையில் ஒரு கத்தரிக்காயும் இடது கையில் ஒரு கத்தரிக்காயுமாகத் தராசு போல நிற்பார். குளிர்சாதனப் பெட்டி வாங்க மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு, நான்காவது கடையின் விலைப்பட்டியலோடு வீட்டுக்குத் திரும்பி, திரிந்துபோன பாலை முகர்ந்து பார்ப்பார். எந்தப் பேருந்து சீக்கிரம் போகும் என்று கணக்கிட்டுக்கொண்டே இரண்டு பேருந்தையும் வழியனுப்பி வைப்பார். சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு காரியத்தைச் செய்து முடிக்கிறவனைவிட அவர் அதிகம் உழைக்கிறார். முடிவெடுக்கத் தெரியாதவர் என்றும் சொல்லக் கூடாது. முடிவு எப்போதும் தயார். “இன்னும் ஒரே ஒரு விவரம்தான் வரணும்” என்பார். அது வராது.

மடி விவகாரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பக்தவத்சலம் வீட்டு வழக்கப்படி, தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். மாப்பிள்ளை சாய்கிருஷ்ணா தெலுங்குக்காரர். அவர்கள் பக்கத்தில் இந்த வழக்கம் கிடையாது. கேள்விப்பட்டதும் மாப்பிள்ளையின் அப்பா சந்திரமோகனுக்குப் பரம சந்தோஷம். சம்பந்தியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார்.

“ஒடி எக்கட உந்தி, பாவகாரு?”

மடி எங்கே இருக்கிறது, சம்பந்தி என்று தெலுங்கில் கேட்டார். கேலி கிடையாது, உண்மையான சந்தேகம். பக்தவத்சலம் நாற்காலியில் அமர்ந்தால் வயிறு முதலில் அமரும், மற்றதெல்லாம் அதற்குக் கீழே ஒதுங்கும். முழங்காலுக்கு இப்பால் மிஞ்சுவது ஓர் உஸ்மானியா பிஸ்கட் அகலத்துக்கு ஒரு விளிம்பு. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் மேலே கண்ட பிரகடனம் வெளியானது.

அன்று சாயங்காலமே இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. பெண் வர்ஷினி அப்பாவின் போனில் ஓர் ஆப்பை இறக்கிக் கொடுத்தாள். வாயில் போடுகிற ஒவ்வொன்றுக்கும் எத்தனை கலோரி என்று பதிவு செய்து, நாளுக்கு இவ்வளவுதான் என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். மைத்துனர் அருணாசலம், லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவர், செகந்திராபாத்தில் ஒரு எடைக் குறைப்பு மையத்தைப் பற்றிச் சொன்னார். பணம் கட்டினால் பன்னிரண்டு வாரம், சாப்பாட்டு அட்டவணை அவர்களே தருவார்கள், வாராவாரம் நிறுத்துப் பார்ப்பார்கள், தப்பு செய்தால் திட்டுவார்கள்.

சாதாரண மனிதன் என்ன செய்வான்? இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்வான். பக்தவத்சலம் காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருஷமாக இருப்பவர். மூன்று ஒப்பந்தப்புள்ளி வராமல் ஒரு துடைப்பம்கூட வாங்கியதில்லை. தம் வயிற்றை மட்டும் அப்படிக் கவனக்குறைவாகக் கையாள்வாரா?

நான்கு தாள்களை நீளவாக்கில் ஒட்டி ஒரு கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் தயாரானது. இடப்பக்கம் கலோரிக் கணக்கு, வலப்பக்கம் கட்டணத் திட்டம், நடுவில் இருபத்து மூன்று வரிகள். முதல் வரி: ‘வாயைக் கட்டுவது யார்?’ இடப்பக்கம்: நான். வலப்பக்கம்: அவர்கள். பதினான்காவது வரி: ‘தவறினால் திட்டுவது யார்?’ இடப்பக்கம்: எவருமில்லை. வலப்பக்கம்: மையத்தின் ஆலோசகர். குறிப்பு: இவ்வசதி வீட்டில் ஏற்கெனவே உண்டு.

முதலில் கலோரிக் கணக்கின் தொழில்நுட்பப் பரிசீலனை. ஆப் கேட்டது: இட்லி ஒன்று, நடுத்தர அளவா? நடுத்தரம் என்றால் எவ்வளவு? அடுத்த நாள் காலையில் பக்தவத்சலம் ஒரு வெர்னியர் காலிப்பரோடு சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். எட்டு இட்லிகளின் விட்டமும் நடு உயரமும் எடுக்கப்பட்டன. எட்டும் எட்டு விதம். சராசரி கண்டுபிடிப்பதற்குள் தட்டு காலி.

“ஏன்னா, அளந்தா இளைக்குமா?” என்றார் அவர் மனைவி உஷா.

“அளவு தெரியாம எப்படி ஒப்பிடறது, உஷா?”

“சரி, அளந்தேள். அளந்ததை ஏன் சாப்பிட்டேள்?”

“ஆறிடும்.”

அடுத்து மையம். ஆலோசகர் சாஹித்யா சின்னப் பெண், சிரித்த முகம். “சார், ஈ ரோஜே ஸ்டார்ட் செய்யண்டி” என்று, இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்லி, எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றினாள். தொண்ணூற்றிரண்டு புள்ளி மூன்று. வீட்டு இயந்திரத்தில் அன்று காலை தொண்ணூற்றொன்று. ஒரு கிலோ முந்நூறு கிராம் எங்கிருந்து வந்தது? அப்படி ஒரு வித்தியாசத்தோடு எவனாவது கையெழுத்துப் போடுவானா? அவர் வீட்டுக்குப் போய் வீட்டு இயந்திரத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து, மையத்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் மாறி மாறி ஏறி இறங்கினார். பதினோரு முறை. சாஹித்யா அதை உடற்பயிற்சி என்று எழுதிக்கொண்டாள். இரண்டு சாட்சியும் முரண்பட்டதால் மூன்றாவது சாட்சிக்காகப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறினார்.

“தொண்ணூத்தி ரெண்டா?” என்று கேட்டார்.

“ஹவ் சாப்,” என்று ஆமாம் போட்டார் கடைக்காரர். “கட்டு அவிழ்க்காம அப்படியே எடுத்துக்கட்டுமா?”

மூன்று தராசும் மூன்று விதமாகச் சொன்ன பிறகு ஒரு நேர்மையான அதிகாரிக்கு ஒரே வழிதான் உண்டு: கள ஆய்வு. உஷா கலோரிக் கணக்கில் சேர்க்கப்பட்டார். அருணாசலம் கட்டணத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்.

“அத்திம்பேர், கல்யாணம் உங்க பொண்ணுக்கு. நான் எதுக்கு இளைக்கணும்?”

“நீ இளைக்க வேண்டாம்டா. நீ சாம்பிள். இளைக்கறது தானா நடக்கும்.”

தீர்ப்பு சொல்ல வேண்டியவர் ஒரு கட்சியில் சேர முடியுமா? பக்தவத்சலம் நடுநிலை வகித்தார். நடுநிலை வகிப்பதில் ஒரு தொல்லை உண்டு என்பது புரட்டாசியில் தெரிந்தது. உஷா நவராத்திரிச் சுண்டலைக் கரண்டியால் அளந்து எடுத்துக்கொண்டு மீதியை மேஜையில் வைப்பார். அருணாசலம், அட்டவணையில் இல்லை என்று, ஆபீஸில் யாரோ கொடுத்த லட்டை அக்கா வீட்டில் கொண்டுவந்து வைப்பார். பண்டம் வீணாவதைக் கொள்முதல் பிரிவு அனுமதிக்காது. இரண்டு சாம்பிள்களும் விட்டுக்கொடுத்ததையெல்லாம் நடுநிலைமை ஒண்டியாகச் சுமந்தது. ஐப்பசியில் தீபாவளி மிக்ஸரைச் சுமந்தது, கார்த்திகையில் அப்பத்தைச் சுமந்தது. மார்கழியில் பெருமாள் கோவில் வெண்பொங்கலை இரண்டு தொன்னையாகச் சுமந்தது.

இதற்கு நடுவில் வர்ஷினி ஒரு நாள் மாதாப்பூர் ஆபீஸிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் அப்பா எதிரில் உட்கார்ந்தாள்.

“கைக்கு இத்தா டென்ஷன், அப்பா? ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க, அயிபோதுந்தி.” எதற்கு இவ்வளவு டென்ஷன், ஒன்றைச் செய்தால் முடிந்துவிடும் என்பதை ஊர் உருதுவும் தெலுங்கும் கலந்த தமிழில் சொன்னாள்.

“பண்ணலாம்மா. இன்னும் ஒரே ஒரு விவரம்தான் வரணும்.”

“எனக்குப் பெரிய மண்டபம் நக்கோ, வேண்டாம். டிரோன் கேமரா நக்கோ. அத்தை பொண்ணுங்க அஞ்சு பேரும் அவங்க அப்பா மடியில உக்காந்ததை நான் ஃபர்ஸ்ட் ரோவுல இருந்து பாத்திருக்கேன். எனக்கு அது மட்டும் வேணும்.” பையைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “சீரியஸா கேக்கறேன். நான் எங்க உக்காரணும்?”

பக்தவத்சலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் உள்ளே போனதும் ஸ்டேட்மென்டைப் பிரித்தார். இருபத்து நான்காவது வரியாக ‘அவசரம்’ என்று எழுதி, இரண்டு பக்கமும் ‘மிக மிக’ என்று நிரப்பினார். அப்பாவாகப்பட்டவர் வேறு என்னதான் செய்ய முடியும்?

மார்கழி கடைசியில் கள ஆய்வின் முடிவு வந்தது. உஷா ஏழு கிலோ குறைந்திருந்தார். அருணாசலமும் ஏழு கிலோ குறைந்திருந்தார். நடுநிலைமை நான்கு கிலோ ஏறியிருந்தது.

“ரெண்டும் பலிச்சிருக்கோல்லியோ?” என்றார் உஷா. “கண்ணை மூடிண்டு ஏதோ ஒண்ணை ஆரம்பிங்கோ.”

“அதான் உஷா சிக்கலே. ஒண்ணு தோத்திருந்தா இன்னிக்கே ஆரம்பிச்சிருப்பேன்.”

தை பிறந்தது. கல்யாண மண்டபத்தில் முதல் நான்கு வரிசையும் மாப்பிள்ளை வீட்டார். அப்பா மடியில் பெண் உட்காரும் காட்சியைப் பார்க்கவென்றே சந்திரமோகன் வாரங்கலிலிருந்து ஒரு பேருந்து நிறைய உறவினரை அழைத்து வந்திருந்தார். அறுபது போன்கள் உயர்ந்தன. பக்தவத்சலம் பட்டு வேஷ்டியில் நாற்காலியில் அமர்ந்தார். வயிறு முன்பே அமர்ந்திருந்தது. வர்ஷினி வந்தாள், அந்த உஸ்மானியா விளிம்பில் உட்கார்ந்தாள், பட்டுப்புடவை பட்டு வேஷ்டியில் வழுக்க, இறங்கி நின்றாள்.

“மாமா, மூச்சை உள்ள இழுத்துக்கோங்கோ,” என்றார் வாத்தியார் மெதுவாக.

இழுத்தார். மடி இரண்டு விரற்கடை நீண்டது. வர்ஷினி உட்கார்ந்தாள். ஆனால் மந்திரம் நீளம்; மூச்சு அவ்வளவு நீளமில்லை. மூச்சு வெளியே வந்தபோது பெண்ணும் வெளியே வந்தாள். தாலியைக் கையில் பிடித்திருந்த சாய்கிருஷ்ணா, கழுத்து ஏறும்போது ஏறியும் இறங்கும்போது இறங்கியும் பின்தொடர்ந்து கொண்டிருந்தார். கெட்டிமேளத்துக்குக் குச்சியை ஓங்கிய தவில்காரர் ஓங்கியபடியே இருந்தார். மூன்றாவது முறையும் பக்தவத்சலம் மூச்சை இழுத்துப் பார்த்தார். முகூர்த்தம் முடிய ஆறு நிமிஷம் என்று வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

பக்தவத்சலம் எழுந்தார். பின்னால் நின்ற அருணாசலத்தின் மணிக்கட்டைப் பிடித்து நாற்காலிக்குக் கொண்டுவந்தார்.

“நீ உக்காருடா.”

முப்பத்தொரு வருஷத்தில் ஒப்பிட்டுப் பார்க்காமல் அவர் பிறப்பித்த ஒரே உத்தரவு அது. வர்ஷினி மாமாவின் மடியில் உட்கார்ந்தாள். தாராளமாக இடம் இருந்தது. அவள் கையைப் பின்னால் நீட்டித் தேடி, அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது முடிச்சு விழுகிறவரை விடவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. கீழேயிருந்து சந்திரமோகன் கையை ஆட்டினார்.

“ஒடி தொரிகிந்தி, பாவகாரு.”

மடி கிடைத்துவிட்டதாம். மண்டபம் சிரித்தது, வர்ஷினி சிரித்தாள், பக்தவத்சலமும் சிரித்தார்.

பந்தியில் நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். இலையில் ஒரு ஜாங்கிரியும் ஒரு பாதுஷாவும் விழுந்தன. இரண்டையும் ஒவ்வொரு கடி கடித்து யோசித்துக்கொண்டே என் காதருகில் சாய்ந்தார்.

“அருணாசலம் மடி நன்னாத்தான் இருந்தது. அது பணம் கட்டின மடி. அப்படியே உஷா மடியிலயும் ஒரு தடவை உக்கார வெச்சுப் பாத்திருந்தா எந்த முறை மேல்னு இன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அந்த ஒரே ஒரு விவரம்தான் வரணும்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இவ்வளவு தூரம் படித்து வந்தது எதற்காக? கலோரிக் கணக்கா, கட்டணத் திட்டமா, எது மேல் என்று கடைசி வரியிலாவது நான் சொல்லிவிடுவேன், தெரிந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்றுதானே? எனக்குச் சாப்பாடு முடிந்துவிட்டது, எழுந்துகொள்கிறேன். பக்தவத்சலத்துக்குப் பக்கத்து இலை காலி. போய் உட்காருங்கள்.