இடது வார் நீலம், வலது வார் சிவப்பு

வளப்பூர் நாடு,
11.8.2004

அன்பு மிகுந்த சின்னுசாமி மாமாவுக்கு, ராஜேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, மாடு, கோழிகள் எல்லாரும் நலம். நான் மட்டும் இல்லை. அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா?

ரோட்டோரத்தில் கவர்மென்ட் நட்ட படப் பலகையில் நான் முதலில் பார்த்தது என் செருப்பைத்தான். இடது வார் நீலம், வலது வார் சிவப்பு. மலை முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு ஜோடி என் காலில்தான் இருக்கும். முகத்தைத் தலைமுடி மறைத்திருந்தும் பயனில்லை.

ரோட்டோரக் குப்பையை ஒழிக்க ஒரு அதிகாரியை ஜீப்பில் கூட்டி வந்தீர்களே, அன்று ஆரம்பித்தது. நீங்கள் ஜீப்பிலேயே தூங்கிவிட்டதால் உங்களுக்குத் தெரியாது. அவர் வருகிறார் என்று முந்தின நாளே ஊர் சேர்ந்து ரோட்டைக் கூட்டிவிட்டதால், படம் எடுக்கக் குப்பையே இல்லை. "குப்பை இல்லாம எதைங்க ஒழிக்கிறது?" என்று அவர் தவித்துப்போக, பொன்னாயி அக்கா தன் டீக்கடைக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினார். "கண்ணு, குனிஞ்சு அந்தக் கவரை எடு" என்றார் அதிகாரி. எடுத்தேன். பஞ்சாயத்துத் தலைவர் சம்சாரமும் பட்டுச்சேலையில் வந்து ஒரு கவரை எடுத்தார். பலகை வந்தபோது பார்த்தால், படத்தில் அவர் குப்பையை எடுக்கிறார், நான் போடுகிறேன். என் மேல் மட்டும் சிவப்புப் பெயின்டில் பெரிய பெருக்கல் குறி. அதுவும் ஒரே மழையில் கரைந்துவிட்டது. இங்கேதான் போட வேண்டும் என்று கவர்மென்ட்டே சொல்வதாக நினைத்து, அருவி பார்க்க வருகிறவர்களும் நம் ஊர்க்காரர்களும் என் காலடியிலேயே கொட்டுகிறார்கள். "குப்பைப் புள்ள ஸ்டாப்பு! எறங்குங்க சாமி!" என்று கத்துகிறார் கண்டக்டர் அர்த்தனாரி அண்ணன். பஸ்ஸே சிரிக்கிறது. எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்குக் கிடைத்தது செம்மேட்டுத் தையல் வகுப்பு ஒன்றுதான். வெட்கத்தில் இரண்டு நாளாகப் போகவில்லை. மூன்றாம் நாளும் வராவிட்டால் பேரை அடித்துவிடுவதாக டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேறு செருப்புக் கேட்டால், "ரெண்டும் நல்லாத்தானே கண்ணு இருக்குது?" என்கிறார் அப்பா. எனக்கு வேறு வழி தெரியவில்லை மாமா. அதிகாரியிடம் சொல்லி எப்படியாவது அந்தப் பலகையை எடுக்கச் செய்யுங்கள்.

அத்தைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. எட்டுக்கை அம்மன் எல்லா வளைவிலும் உங்கள் ஜீப்பைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ராஜேஸ்வரி

பி.கு. (மறுநாள்): பலகையை எடுக்கச் சொல்ல வேண்டாம். திரும்ப நடச் சொல்லுங்கள். நேற்றுக் காற்றில் அது விழுந்துவிட்டது. "எத்தன கெட்டி ஷீட்டு!" என்று அப்பா படத்தைச் சுருட்டி வந்து, ஒழுகுகிற சமையல்கட்டுக் கூரைமேல் விரித்துவிட்டார், நான் வெளியே தெரியும்படி. நம் வீடோ ரோட்டோரம். இன்று காலை பஸ் எங்கள் வாசலில் நின்றது. ஜன்னலிலிருந்து பறந்து வந்த இட்லிப் பொட்டலம் ஒன்று கூரையில் விழுந்து, உருண்டு, கீழே வாசலில் நின்ற என் செருப்புக்கு முன்னால் வந்து விழுந்தது. "எடம் இதுதானுங்களே?" என்றார் போட்டவர். குனிந்து எடுத்தேன். பஸ்ஸில் ஏறி அதை அவர் மடியில் வைத்துவிட்டு, செம்மேட்டுக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.