மிக்சி சத்தத்துல நிறைவேறுன தீர்மானம்

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. மூணு பேரப் பாக்கணும். ஆளுக்கு ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லி போன்ல பதிவு பண்ணணும். நாலு மணிக்குள்ள அம்மாகிட்டக் குடுக்கணும்.

யாரு வேணா செஞ்சிரலாம். அதனாலதான் என்கிட்டக் குடுத்தாங்க.

விஷயம் இதுதான். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துல எங்க ஊர்ல ஒரு கடை. கம்பு, சாமை, செக்கு எண்ணெய், மருந்தடிக்காத காய். முதலாளின்னு ஒருத்தர் கிடையாது. பங்கு போட்ட அத்தன பேரும் முதலாளி. எதுன்னாலும் கூட்டம் போடணும், கை தூக்கணும், தீர்மான நோட்டுல எழுதணும். கடையில ஒரு ஃபேன் மாட்டறதுக்கு ரெண்டு கூட்டம் நடந்துச்சு. ரெண்டாவது கூட்டம், அதுக்குக் கலர் என்னன்னு.

இந்த வருஷம் செயலாளர் எங்கம்மா. அம்மாவுக்கு வந்த சோதனை கொழந்தசாமி மாமா. போர்வெல் போடற ரிக் லாரி வச்சிருக்கறவரு. ஆரம்பத்துல இருந்து கடை நடக்கறது அவரு லாரி நிறுத்தற தகரச் செட்டுலதான். இப்ப அவரு பையன் ரெண்டாவது லாரி எடுக்கறானாம். செட்டு வேணும், காலி பண்ணுங்கன்னுட்டார். வேற எடமே கெடைக்கல. செட்டு போனா கடையும் போச்சு. அம்மா ஒரு வாரமா சாம்பார்ல உப்பே போடல.

கடைசியில ஒரு திட்டம் போட்டாங்க.

"கடை ஆரம்பிச்ச கதைய, ஆரம்பிச்ச மூணு பேரு வாயாலயே சொல்ல வச்சு, கூட்டத்துல ஸ்பீக்கர்ல போட்ருவோம். தான் பேசுனதத் தானே கேட்டா கொழந்தசாமி அண்ணனுக்கு மனசு எளகும். நடுவுல உன் சேட்டையக் காட்டுன, காலு இருக்காது."

என்ன சேட்ட? ஹெட்மிஸ் குரல்ல ஸ்கூல் மைக்ல லீவு விட்டது ஒரே ஒரு தடவதான்.

மொதல்ல கொழந்தசாமி மாமா. மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு தோட்டத்துல போர் ஓட்டிட்டு இருந்தார். பஸ் புடிச்சுப் போனேன். ரிக் ஓடற சத்தத்துல என் பல்லு ஆடுச்சு.

"மாமா! கடை ஆரம்பிச்ச கதையச் சொல்லுங்க!"

"செரி! செரி!"

"இல்லைங்க மாமா, நீங்க பேசோணும்!"

"ஆமாமா! அப்படியே பண்ணிரு! செரி!"

முப்பது வருஷமா கம்ப்ரசருக்குப் பக்கத்துல நின்ன காது. யாரு என்ன கேட்டாலும் அங்க செரிதான். என் போன்ல ரெண்டு நிமிஷம் டர்ர்ர்ருனு பதிவாச்சு.

அடுத்தது சரசு பெரியம்மா. கடைக்கு நாட்டுக்கோழி முட்ட போடறவங்க. பண்ண முட்ட லாரி லாரியாப் போற நாமக்கல் மாவட்டத்துல, கூடையில இருவது முட்டைய வச்சுக்கிட்டு ராணி மாதிரி நடப்பாங்க.

"கடை ஆரம்பிச்சதா சாமி? அதுக்கு மொதல்ல எங்கூட்டு செவலக்கோழியப் பத்திச் சொல்லோணும்."

சொன்னாங்க. செவலக்கோழி அடைக்கு உக்காந்துச்சு. எந்திரிச்சுப் பக்கத்து ஊட்டுக்குப் போச்சு. சண்ட வந்துச்சு. சமாதானம் ஆச்சு. அம்பது நிமிஷம் ஆச்சு. கோழி இன்னும் கடைக்கு வந்து சேரல.

மூணாவது காதர் பாய். திருச்செங்கோட்டுல தானிய வியாபாரி. பாய் அவசரப்படாம, அழகா, அளந்து பேசினார்.

"மொத லோடு வந்து எறங்குது கண்ணு. பதினோரு மூட்ட. வைக்க எடமில்ல. மழ புடிச்சுக்கிச்சு. கொழந்தசாமி என்ன பண்ணாரு? செட்டுல நின்ன தன் லாரிய எடுத்து வெளிய நிறுத்திட்டாரு. 'லாரி நனைஞ்சா தொடச்சுக்கலாம், மூட்ட நனைஞ்சா மொளச்சுக்கும். உள்ள போடுங்க பாய். கடை இருக்கற வரைக்கும் இந்தச் செட்டு கடைக்குத்தான்'னாரு. நனைஞ்சுக்கிட்டே நின்னு சொன்னாரு. அன்னிக்கு உள்ள போன மூட்டதான் இன்னிக்குக் கடை."

எனக்கே புல்லரிச்சுப் போச்சு. போனப் பாத்தேன். போன்ல எடமில்லையாம். மொத்த எடத்துலயும் செவலக்கோழி உக்காந்திருந்துச்சு. பாய் பேசுனதுல ஒரு வார்த்தகூடப் பதிவாகல.

"பாய்... இன்னொருவாட்டி..."

"லோடு வந்துருச்சு கண்ணு. கூட்டத்துல பாப்போம்."

ஊடு வந்து சேந்தப்போ மணி ரெண்டரை. கையில இருந்தது ஒரு டர்ர்ரும் ஒரு கோழியும். கோழிய அழிச்சேன். அப்பறம் யோசிச்சேன். மூணு பேர் குரலும் எங்கிட்டத்தான இருக்கு?

பாத்ரூம்ல பக்கெட்டுக்குள்ள தலைய விட்டா காதர் பாய். முந்தானைக்குப் பதிலா துண்டக் கடிச்சுக்கிட்டா சரசு பெரியம்மா, ஒரு வரிக்கு ஆறு 'ங்க'. கொழந்தசாமி மாமாவுக்குப் பின்னாடி ரிக் ஓடணுமே? மிக்சியப் போட்டேன். சும்மா ஓட்டுனா அம்மா கேப்பாங்கன்னு ரெண்டு தேங்கா மூடியச் சில்லு போட்டுத் தள்ளினேன். பாய் சொன்ன அதே வார்த்தைய மாமா குரல்ல கத்தினேன்.

"கடை இருக்கற வரைக்கும் இந்தச் செட்டு கடைக்குத்தாஆஆன்!"

முடிச்சதும் ஓடிட்டேன். நான் பேசுனத நானே திருப்பிக் கேக்கற பழக்கம் எனக்கில்ல.

நாலு மணி. செட்டுல கூட்டம். ஸ்பீக்கர்ல மொதல்ல சரசு பெரியம்மா.

"ஏனுங்க, நானா பேசறனுங்க? டிவியில வர்றாப்புல இருக்குதுங்க!" பெரியம்மாவுக்குத் தாங்கல.

அடுத்தது பாய். அவரு தலையாட்டிக்கிட்டே கேட்டார். சொன்னது அவருதான? சந்தேகம் வர எடமே இல்ல.

கடைசியா மாமா. டர்ர்ர்ருக்கு நடுவுல அந்த ஒரு வரி. செட்டே அதிருற மாதிரி கைதட்டு. தட்டுன சத்தத்துல நான் பதிவ நிறுத்திட்டேன். செட்டு கடைக்கேன்னு தீர்மானம், கை தூக்குங்கன்னாங்க அம்மா; மாமா முழிக்கறதுக்குள்ள மத்த அத்தன கையும் தூக்கியாச்சு. அம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டே நோட்டுல எழுதிட்டாங்க.

கொழந்தசாமி மாமா எந்திரிச்சார். "நான் எப்பங்க இதச் சொன்னேன்?"

"பின்னாடி ரிக்கு ஓடுதுங்களே அண்ணா!" பெரியம்மா விடல.

மாமா யோசிச்சார். "போர் போடற பாயிண்ட்ல நின்னு என்ன பேசறேன்னு எனக்கே தெரியறதில்லைங்க. சொல்லியிருப்பேனாட்ட இருக்குது."

அத்தோட முடிஞ்சிருக்கும். சரசு பெரியம்மாதான் கெடுத்தாங்க.

"சாமி, என் பேச்ச இன்னொருக்காப் போடு."

யாரோ ஒரு புண்ணியவான் பட்டன அமுக்கினார். விட்ட எடத்துல இருந்து ஓடுச்சு. டர்ர்ர். டர்ர்ர். அப்பறம் எங்கம்மா குரல்.

"ஏன்டி தாரணி! எத்தன நேரன்டி சட்னி அரைப்ப? மிக்சி பொகையுது பாரு!"

அத்தன தலையும் என் பக்கம் திரும்புச்சு.

"ஏனுங்கண்ணா," பெரியம்மா மெதுவாக் கேட்டாங்க, "போர் போடற எடத்துலயா சட்னி அரைச்சீங்க?"

மாமா என்னப் பாத்தார். "எந்திரி. பேசு."

அதே வரிய மாமா குரல்ல பேசினேன். மிக்சி இல்லாமலே நல்லா வந்துச்சு.

"நான் இப்படியா கத்தறேன்?"

"ஆமாங்க," கூட்டம் மொத்தமும்.

அது அவர ரொம்பப் பாதிச்சுருச்சு. "அந்தத் தீர்மானத்த அடிங்க."

அம்மாவுக்கு மொகம் வெளுத்திருச்சு. ஆனா செயலாளர் செயலாளர்தான். "அண்ணா, எழுதுனத அடிக்கணும்னா பாதிப்பேரு கை தூக்கணும்ங்க. மொத கூட்டத்துல நீங்க வச்ச சட்டம்."

மாமா கை தூக்கினார். சுத்திலும் பாத்தார். ஒத்தக் கை. அவரு பையன் கூட குனிஞ்சு செருப்பப் பாத்துட்டு இருந்தான்.

காதர் பாய் தொண்டையச் செருமினார். "குரல் புள்ளையோடதுதானுங்க. பேச்சு உங்களுது. மழையில நின்னு சொன்னீங்க. நானும்தான் பக்கத்துல நனைஞ்சேன்."

மாமாவோட கை கொஞ்ச நேரம் மேலயே நின்னுச்சு. அப்பறம் தலையச் சொறிஞ்சுட்டுக் கீழ வந்துச்சு.

"செரி," அப்படின்னார். இந்தவாட்டி ரிக் எதுவும் ஓடல.

அம்மா அழுதாங்க. நானும் தப்பிச்சேன்னு மெதுவா வாசலப் பாத்து நகந்தேன்.

"அப்ப ரெண்டு லாரியும் வெளியதான நிக்கும்?" மாமா குரல். "மழ வந்தா யாரு தார்ப்பாய் போடறது? நனைஞ்சா யாரு தொடைக்கறது?"

அதுக்கும் தீர்மானம் போட்டாங்க, என் பேர்ல. எல்லாரும் கை தூக்கினாங்க. எங்கம்மா ரெண்டு கையும் தூக்கினாங்க.

அதனால மக்களே, அடுத்தவங்க குரல்ல வாக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி, அவங்க லாரி எத்தன அடி நீளம்னு ஒருவாட்டி அளந்து பாத்துக்கங்க.